நாற்பத்து மூன்றாவது தலை

தும்மலகுண்டா விமான நிலையத்தின் காத்திருப்பு அறைச் சுவரில், உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், வரிசையாக மஞ்சள் வட்டங்கள் இருக்கும். திருமலையில் முடி கொடுத்துவிட்டு வருகிறவர்கள் மொட்டையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் இங்கே வந்து சாய்ந்துகொள்வதால் வருவது அது. மாலை நாலு மணிக்கு விமானம் போனதும் கூட்டித் துடைக்கிற அம்மாள் ஈரத்துணியால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் துடைத்துவிட்டுத்தான் போனாள், அங்கே வேலை பார்க்கிற தேன்மொழி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தபோது, சுவரோரத்து மூன்றாவது நாற்காலிக்கு மேல் ஒரு வட்டம் இருந்தது.

விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். பெண்கள் கழிப்பறை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். வட்டம் மறுபடியும் இருந்தது. விரலை வைத்தால் ஒட்டியது, அரைத்து ஐந்து நிமிடம்கூட ஆகாத சந்தனம் போல. குனிந்து நாற்காலியின் ரெக்சினைத் தொட்டுப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி சூடாக இருந்தது.

அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக வெளியே வந்தாள்.

இந்த விமான நிலையத்துக்கு வரலாறு என்று பெருமையடித்துக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரன் அவசரமாக ஓர் ஓடுபாதை போட்டான். ஒரு விமானம்கூட இறங்குவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. அப்புறம் முப்பது வருடம் சுற்றுவட்டார ஜனங்கள் அதில் வேர்க்கடலையும் மிளகாயும் காயப்போட்டார்கள். எழுபத்து நாலில் ஒரு கட்டடம் எழும்பி, வாரத்துக்கு மூன்று நாள் விமானம் வந்து, சாமி பார்க்க மந்திரிகள் இறங்கினார்கள். தொண்ணூற்று ஒன்றில் அதுவும் நின்று, நாலு வருடம் புறாக்கள் குடியிருந்தன. பிறகு தனியார் கம்பெனிகள் விமானம் ஓட்டலாம் என்று ஆனதும் புறாக்களைத் துரத்திவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். இப்போது தினம் ஒரே ஒரு விமானம். ஹைதராபாத்திலிருந்து மூன்று பத்துக்கு வந்து நாலு மணிக்குத் திரும்பிப் போகும்.

வசதிகளும் அந்த அளவுக்குத்தான். எழுபத்திரண்டு நாற்காலிகள். பெண்களைச் சோதிக்கத் திரை போட்ட ஒரு கூண்டு. பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் திறக்கிற ஓர் அறை. பெட்டிகள் வருகிற சுழல் பட்டை வந்து இரண்டு வருடமாகிறது, இன்னும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. தீயணைப்பு வண்டி ஒன்று உண்டு. அது இதுவரை அணைத்தது பக்கத்து ஊர் வைக்கோற்போரை மட்டும்தான். பெயர்ப்பலகை தெலுங்கிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் இருக்கும், உள்ளே நுழைந்தால் காதில் விழுவதில் பாதி தமிழாக இருக்கும்.

தேன்மொழிக்கு இங்கே மூன்று வருட வேலை. கான்ட்ராக்ட்தான், ஆனாலும் பிச்சாட்டூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள். கண்ணாடிக் கதவருகே நின்று போர்டிங் பாஸைக் கிழித்துப் பாதியைக் கம்பியில் குத்திக்கொண்டு, ஓடுதளத்தில் விமானத்தை நோக்கி நடக்கிறவர்களின் தலைகளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். கம்பியில் உள்ளதும் தலைகளும் சரியாக வந்தால் ஏணியை எடுக்கலாம்.

இந்த ஊரில் தலையை எண்ணுவது சுலபம். ஆளைப் பார்ப்பதுதான் கஷ்டம். அடையாள அட்டையில் முறுக்கு மீசை இருக்கும், எதிரில் மழமழவென்று ஒருவர் நிற்பார். முழங்கால் வரை சடை தொங்குகிற படத்தை நீட்டிக்கொண்டு ஒரு மொட்டை அம்மாள் நிற்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தேன்மொழி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலாளர் சாரங்கபாணி சிரித்தார். அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் திருப்பதிக் கோவிலில் பெருமாள் கைங்கரியத்தில் இருந்தவர்கள்.

"மூஞ்சியைப் பார்த்துண்டு நின்னா பிளேன் நாளைக்குத்தான் போகும். பெருமாளுக்குக் கொடுத்துட்டு வர்றவா பொய் சொல்லமாட்டாம்மா. சீட்டைக் கிழி, தலையை எண்ணு, அனுப்பு."

அன்றிலிருந்து அவள் முகம் பார்ப்பதை விட்டுவிட்டாள். விட்டது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று யோசிக்கவும் இல்லை, போன ஆடி மாதம் வரை.

ஆடியில் எத்திராஜ் மாமா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். தேன்மொழிக்கு அம்மா வழியில் ஒன்றுவிட்ட மாமா அவர். கான்ட்ராக்டரிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். சத்தியவேடு பக்கத்து ஊர்களிலிருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் பெண்களை அனுப்புவது அவர் தொழில். கிளம்புவதற்கு முன் திருமலைக்குக் கூட்டிப்போய் முடி கொடுக்கவைப்பார். எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலச் சுடிதார் எடுத்துக் கொடுப்பார், அந்தப் பக்கம் வந்து அழைத்துப் போகிறவர்களுக்கு அடையாளம் தெரிய. சத்தியவேட்டிலிருந்து சென்னை இரண்டு மணி நேரம்தான், பஸ்ஸுக்கும் குறைவில்லை. ஆனால் சென்னையில் யார் கூப்பிட்டார்கள், வயதென்ன, கடிதம் எங்கே என்று கேட்பார்கள். ஹைதராபாத்தில் அவருக்கு வேண்டிய ஆள் இருந்தான். இங்கே தேன்மொழி மட்டும்தான் இருந்தாள், அவளும் கேட்கமாட்டாள்.

நாலாவதாக வந்தவளிடம் சந்தன வாசனையோடு ஆஸ்பத்திரி மருந்து வாசனையும் அடித்தது. இமைகள் பாதி மூடியிருந்தன. கதவருகே வந்ததும் தேன்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சீட்டுல இருக்கிறது என் பேரு இல்லக்கா. நான் போவல. ஊட்டுக்கு அனுப்பிச்சுடு."

பின்னால் இருபது பேர் நின்றார்கள். எஞ்சின் இரைச்சல் காதைப் பிளந்தது. எத்திராஜ் சிரித்துக்கொண்டே, "பயந்துகினு கீதும்மா, மொத தபா பிளேன் ஏறுது இல்ல" என்றார். தேன்மொழி அந்தக் கையை விலக்கினாள், சீட்டைக் கிழித்தாள், தலையை எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு கிழவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு புகைப்படம், கனகாம்பரம் வைத்து நீளச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு சிரிக்கிற பெண். குவைத்துக்குப் போய்ச் சேரவே இல்லை என்கிறார்களாம், இங்கிருந்து விமானம் ஏறினாளா என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். தேன்மொழிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "இங்க வர்றவங்க எல்லாமே மொட்டதான் தாத்தா, எனக்கு எப்டி தெரியும்" என்றாள். கிழவர் அந்தப் பதிலை ஒப்புக்கொண்டவரைப் போலத் தலையாட்டிவிட்டு வெயிலில் நடந்து போனார். அன்று ராத்திரி தேன்மொழி சாப்பிடவில்லை.

இதெல்லாம் அவளுக்குள்ளேயே இருந்தது. சுவரில் அந்த வட்டத்தைப் பார்த்த செவ்வாய்க்கிழமையும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை கம்பியில் முப்பத்தொன்பது சீட்டு இருந்தது. நடந்து போன தலைகள் நாற்பது. வெயில் சுள்ளென்று அடித்தது, ஓடுதளத்தின் சூட்டில் நடப்பவர்களின் கால்கள் நெளிந்து தெரிந்தன, சந்தனத் தலைகள் ஒன்றன் பின் ஒன்றாக மிதந்து போயின. கடைசியில் போனது மட்டும் மற்றவற்றைவிட மெதுவாகப் போனது. விமானத்துக்குள் எண்ணிப் பார்த்து முப்பத்தொன்பதுதான் என்று சொல்லியனுப்பினார்கள்.

"வெயில்ல நின்னா ஒண்ணு ரெண்டாத்தான் தெரியும். மோர் வாங்கிக் குடி" என்றார் சாரங்கபாணி.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது தங்கை பிரியங்கா புதுப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் கிளம்புகிறாள், எத்திராஜ் மாமாவோடு, இந்த விமானத்தில். இருபது வயது. பிறந்த முடி இறக்கியதோடு சரி, அதற்கப்புறம் கத்தி படாத தலை. அம்மா போன பிறகு பன்னிரண்டு வருடமாக அந்தச் சடையைப் பின்னிவிட்டது தேன்மொழிதான்.

"போவாத பிரியா."

"இன்னாத்துக்கு?"

"மாமா இட்டுகினு போனவங்க யாரும் திரும்பி வரல."

"ரெண்டு வருச காண்ட்ராக்ட்டுக்கா. நடுவுல எப்டி வருவாங்க?" பிரியங்கா பையின் ஜிப்பை இழுத்தாள். "நீ பேன் காத்துல நின்னுகினு பேப்பர் கிழிப்ப. நான் மட்டும் கம்பெனில எட்டு மணி நேரம் நின்னுகினே காலு வீங்கி சாவணுமா? நைனாவே சரின்னுடுச்சு. உனுக்கு இன்னா?"

வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா சின்னப்பன், "புள்ள ஆசப்படுது, உடு" என்றார்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னால் போதும், பிரியங்கா போகமாட்டாள். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும். சீட்டைக் கிழித்தது யார்? தேன்மொழி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். தன் மீதே அருவருப்பாக இருந்தது. தங்கையின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணெய் வைத்துச் சடை பின்னினாள். விடிந்ததும் எத்திராஜின் ஜீப் வந்து பிரியங்காவைத் திருமலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

வியாழக்கிழமை விமானம் போன பிறகு அவள் கடைசி வரிசைப் பக்கமே போகவில்லை. கண்ணாடிக் கதவைப் பூட்டும்போது அந்தக் கண்ணாடியில் அறை முழுவதும் தெரிந்தது, காலி நாற்காலிகளும் நின்றுவிட்ட விசிறிகளும் வாசல் வெளிச்சமும், கடைசி வரிசையில் சுவரோரம் உருண்டையாக ஒரு தலையும். திரும்பினாள். யாரும் இல்லை. கண்ணாடியைப் பார்த்தாள். அதிலும் இல்லை. அப்போதுதான் பெண்கள் சோதனைக் கூண்டிலிருந்து அந்தக் கருவியின் ஒலி வந்தது, வளையலோ கொலுசோ பட்டால் கத்துகிற கருவி, விட்டு விட்டு, யாரோ நிதானமாகத் தன் உடம்பில் தானே தடவிக்கொள்வதைப் போல.

திரைக்குக் கீழே இரண்டு வெறும் பாதங்கள் தெரிந்தன. தரை ஈரமாக இருந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் உடம்பு சொன்னது. அவள் கையை நீட்டித் திரையை இழுத்தாள். முக்காலி இருந்தது. முக்காலி மேல் கருவி இருந்தது. மருந்து வாசனை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை. பகல் இரண்டு மணிக்கே விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டியது, மூன்று மணிக்குக் கரண்டும் போனது. ஜெனரேட்டரில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் பெட்டி பார்க்கிற எந்திரத்துக்கும் போக மீதி இருந்ததில் காத்திருப்பு அறைக்கு நாலு பல்புதான் எரிந்தது. நாற்பதுக்கு மேல் ஜனம். நனைந்த துணி, கற்பூரம், லட்டு நெய், சந்தனம் எல்லாம் கலந்து மூச்சு முட்டியது. விமானம் அரை மணி தாமதமாக வந்து இறங்கியது.

தேன்மொழி முடிவோடுதான் இருந்தாள். இன்று சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும், மாமா முறைத்தால் முறைக்கட்டும், தங்கையை மட்டும் இந்தக் கதவைத் தாண்ட விடக்கூடாது. அதற்கு என்ன கேட்டாலும் கொடுத்துவிடத் தயாராக இருந்தாள்.

ஜீப் வந்தது. எத்திராஜ் முன்னால் வர, நீலச் சுடிதார்கள் பின்னால் வந்தன. அவள் தேடிக்கொண்டே அவர்களுக்கு எதிரே நடந்தாள், அவர்களைக் கடந்தும் போனாள்.

"அக்கா."

திரும்பினாள். தான் தாண்டி வந்த மொட்டைகளில் ஒன்று சிரித்தது. தங்கையின் சிரிப்பு. தூக்கி வளர்த்த பெண்ணை ஒரு முழ தூரத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

"எப்டி கீறேன்?" பிரியங்கா வெட்கத்தோடு தலையைத் தடவிக்கொண்டாள். "சில்லுனு கீதுக்கா."

"பிரியா, நீ போவாத. நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தே, மறுபடியும் ஆரம்பிக்காத."

எத்திராஜ் நடுவில் வந்து நின்றார். "வேலையப் பாரும்மா தேனு. அழுதுகினு அனுப்பாத, புள்ளைக்கு ஆவாது." நீலங்களைக் கடைசி வரிசைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அவர்கள் சுவரோரமாக உட்கார்ந்து, ஒரே மாதிரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரே மாதிரி தலையைச் சாய்த்தார்கள். எத்திராஜ் ஐந்து பேரைத்தான் கூட்டிவந்தார். தேன்மொழி எண்ணினாள். ஆறு.

மறுபடி எண்ணினாள். ஆறு.

மங்கிய பல்பு வெளிச்சத்தில் ஆறாவது எது என்று தெரியவில்லை. எது பிரியங்கா என்றும் தெரியவில்லை.

அவள் சாரங்கபாணியின் அறைக்கு ஓடினாள். அவர் காதில் போனோடு நின்றார்.

"சார், அந்த நீலச் சுடிதார் போட்டவங்க..."

"இரு, இரு. இருபது நிமிஷத்துல அடுத்த மேகம் வர்றதாம். இப்ப விட்டா உண்டு, இல்லேன்னா நாளைக்குத்தான்." போனை வைத்தார். "நானே நின்னு கிழிச்சுடறேன். நீ ஸ்டோர்லேர்ந்து குடையெல்லாம் எடுத்துண்டு வா."

"சார், என் தங்கச்சி சார்..."

"போம்மா, சீக்கிரம்."

சொல்லாமல் போனாள். வழக்கம் அப்படி, சார் சொன்னால் போய்விடுவது. சாமான் அறைப் பூட்டு மழையில் இறுகிக்கிடந்தது. சாவியைத் திருகினாள், திரும்பவில்லை. அழுதுகொண்டே திருகினாள். உள்ளே இருட்டில் குடைகளை வாரிக்கொண்டு அவள் கதவுக்கு வந்தபோது அறை பாதி காலியாகியிருந்தது.

வரிசை வெளியே போய்க்கொண்டிருந்தது. மழையில். முக்காடும் பையும் செய்தித்தாளுமாகத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. அவள் தன்னையறியாமல் எண்ணினாள். மூன்று வருடப் பழக்கம். ஏணியில் இருபது. ஏணியடியில் பத்து. நடுவில் ஏழு. பின்னால் நீலம்.

ஆறு நீலம். நாற்பத்து மூன்று தலைகள்.

குடைகளைக் கீழே போட்டாள். ஓடினாள். யாரோ பின்னால் கத்தினார்கள். "பிரியா" என்று கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. முன்னால் போன ஐந்து நீலமும் நிற்காமல் போயின. கடைசி நீலம் நின்றது.

கூப்பிட்டது கேட்டுவிட்டது. நின்றுவிட்டாள். தேன்மொழி அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். திமிறுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தாள். திமிறவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருகிற குழந்தை மாதிரி கூடவே வந்தாள். கை சில்லென்று இருந்தது, மழைதானே. முக்காடு முகத்தில் ஒட்டியிருந்தது. தேன்மொழி நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. கண்ணாடிக் கதவுக்குள் வந்து, அவளைத் தன்னோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"சார், நான் தப்பு பண்ணிட்டேன். ஆடி மாசம் ஒரு பொண்ணு, இது எம்பேரு இல்ல, ஊட்டுக்கு அனுப்பிச்சுடுன்னு எங்கிட்ட கெஞ்சிச்சு. தெரிஞ்சேதான் சார் ஏத்தி உட்டேன். அவங்க ஐயா வந்து போட்டோ காட்டினாரு. தெரியாதுன்னுட்டேன். இதையும் அப்டி அனுப்ப முடியாது சார். என் தங்கச்சி."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது. இனி போலீஸ் வரட்டும். தங்கை கையில் இருக்கிறாள், அது போதும். அவள் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கையும் இறுக்கியது.

ஏணி நகர்ந்தது. கதவு மூடியது. இறக்கைக்குக் கீழே தண்ணீர் சுழன்று தெறித்தது.

சாரங்கபாணி கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளைப் பார்த்தார். ஒரு தடவை எண்ணினார். ஈர விரலால் தள்ளித் தள்ளி இன்னொரு தடவை எண்ணினார்.

"நாப்பத்திரண்டு கிழிச்சேன். உள்ளேயும் நாப்பத்திரண்டு பேர் உட்கார்ந்தாச்சுன்னு இப்பத்தான் சொன்னா." அவர் குரல் தாழ்ந்தது. "யாருமே குறையலையேம்மா. நீ யாரை..."

அவர் நிமிர்ந்து தேன்மொழியின் பக்கத்தில் பார்த்தார். பாதியில் நிறுத்தினார். ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி வைத்தார்.

விமானம் மெதுவாகத் திரும்பிக் கண்ணாடிக்கு எதிரே வந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. வட்ட வட்டமாக ஜன்னல்கள். இறக்கைக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னலில் ஒரு மொட்டைத் தலை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெளியே தேடியது. தேன்மொழியைக் கண்டுபிடித்துவிட்டது. சிரித்தது.

பிரியங்கா. கையை ஆட்டினாள், முதல் தடவை விமானம் ஏறுகிற சந்தோஷத்தில், வேகவேகமாக.

பிறகு தேன்மொழியின் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள்.

ஆட்டிய கை நின்றது. சிரிப்பு நின்றது. வாய் பெரிதாகத் திறந்தது. பிரியங்கா இரண்டு உள்ளங்கைகளாலும் ஜன்னலை அறைந்தாள். அறைந்துகொண்டே இருந்தாள். சத்தமே இல்லை, எஞ்சின் சத்தம்தான். அக்கா, அக்கா என்று அந்த வாய் அசைவது தெரிந்தது. ஓடு என்று அசைவதும் தெரிந்தது. விமானம் வேகம் எடுத்தது, ஜன்னல் நகர்ந்தது, மழைக்குள் போனது.

தேன்மொழி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோளில், மெதுவாக, வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட ஒருத்தியைப் போல, ஈரத் தலை ஒன்று சாய்ந்தது.